அடியெடுத்துக் கொடுத்தால் முடிக்கும் கருவி

கணினிக்குக் கட்டளை பிறப்பிக்கும் முறை இருவகைப்படும். திரையிற் காணும் சித்திரங்களைச் சுட்டி ஏவுதல் ஒன்று. வேண்டியதைச் சொல்லால் எழுதி ஏவுதல் மற்றொன்று. முன்னதை இன்று சிறு குழந்தைகளும் அறிவர். பின்னதோ கல்லூரி ஆய்வறைகளிலும், பெரிய கணினிகளைப் பேணுவோர் மேசைகளிலும் நாடோறும் வழங்கி வருவது. சொல்லால் ஏவுமிடத்து, நாம் எழுதிய வரியை வாங்கி, அதனைப் பிரித்துப் பொருள்கொண்டு, உரிய நிரலைத் தொழிற்படுத்தும் இடையாளுக்கு ஷெல் என்று பெயர். ஷெல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓடு என்பது பொருள். கணினியின் உட்கருவைச் சூழ்ந்து நின்று வெளியாரோடு உரையாடுவதால் அதற்கு அப்பெயர் அமைந்தது.

இம்முறையில் ஆற்றல் மிகுதி. அதற்கேற்ப இடரும் உண்டு. ஷெல் எழுத்தெண்ணிப் படிக்கும் இயல்பினது. ஓரெழுத்துக் குறைந்தாலும் மிகுந்தாலும் 'இப்படியொரு கட்டளை இல்லை' என்று சொல்லிவிடும். அது சிறு துன்பம். பிழைபட்ட சொல் தற்செயலாக வேறொரு பொருளின் பெயராக அமைந்துவிடின், அப்பொருளின்மீது கட்டளை பாய்ந்துவிடும். அது பெருந்துன்பம். கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' என்னும் கட்டளைக்குக் குப்பைக் கூடையும் இல்லை. அழித்ததை மீட்டுத் தரும் வழியும் இல்லை.

இவ்விடரைக் குறைக்க ஏற்பட்ட சாதனமே சொல்நிரப்பு. சொல்லின் முதலெழுத்துக்கள் சிலவற்றை நாம் தட்டி, டேப் என்னும் விசையை அழுத்தினால், எஞ்சிய எழுத்துக்களை ஷெல்லே நிரப்பிக் கொடுக்கும். நாம் அடியெடுத்துக் கொடுக்கிறோம். அது பாடி முடிக்கிறது. பழைய தட்டெழுத்துப் பொறியில் பத்தி பத்தியாக எண்களை நிரல்படுத்த உதவிய விசையே இங்கு இப்பணிக்கு வந்து வாய்த்தது.

பார்ப்பவர்க்கு இது கணினியின் சொந்த அறிவுபோலத் தோன்றும். உண்மையில் இது ஷெல்லுக்குப் பிறர் கற்பித்த பாடமாகும். யார், எதனை, எவ்விடத்திற் கற்பித்தார் என்பதை உணர்ந்தவர், இவ்வசதியைத் தாமே அமைத்துக்கொள்ளவும், பழுதுற்றபோது திருத்திக்கொள்ளவும், நம்பவேண்டிய அளவே நம்பவும் வல்லவராவர். அதனை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கம்.

தோன்றி வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் பி.பி.என். என்னும் நிறுவனத்தார் 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பி.டி.பி.-10 என்ற கணினிக்காக டெனெக்ஸ் என்னும் இயங்குதளம் ஒன்றை ஆக்கினர். அதிற் கட்டளையின் ஒரு பகுதியைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால், மீதியைக் கணினியே எழுதும். யூனிக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளத்தாருக்கு அக்காலத்தில் அவ்வசதி இல்லை. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருந்த கென் கிரீர் என்பவர் 1975இல் தொடங்கி அதனை யூனிக்ஸுக்கென எழுதி, 1981இன் இறுதியில் சி-ஷெல்லோடு இணைத்தார். அவ்வாறு பிறந்ததே டிசி-ஷெல். பெயரின் முதலிலுள்ள 'டி' என்னும் எழுத்து டெனெக்ஸை நினைவூட்டுவது.

1989இல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர், குனூ திட்டத்திற்காக பாஷ் என்னும் ஷெல்லை வெளியிட்டார். மறு ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த பால் ஃபால்ஸ்டாட் இசட்-ஷெல்லை வெளியிட்டார். 2005இல் ஃபிஷ் என்னும் ஷெல் தோன்றியது. இன்று பெரும்பாலோர் கையாள்வன இம்மூன்றே.

முற்காலத்துச் சொல்நிரப்பு பெரும்பாலும் கோப்புகளின் பெயர்களையும் கட்டளைகளின் பெயர்களையும் நிரப்புவதோடு நின்றது. அதற்குப் பிறர் உதவி வேண்டுவதில்லை. கோப்புறையைத் திறந்து பார்த்து, அங்குள்ள பெயர்களோடு நாம் தட்டிய எழுத்துக்களை ஒத்துப்பார்த்தல் ஷெல்லுக்குத் தானே இயலும். ஆனால் நிரல்களோ காலப்போக்கிற் பல்கின. ஒரே நிரலுக்குள் உட்கட்டளைகள் பத்தும் நூறுமாக அமைந்தன. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். 'கிட்' என்று எழுதி இடைவெளி விட்டபின் வரத்தக்க சொற்கள் எவை என்பது கிட்டை ஆக்கியவருக்குத் தெரியும். ஷெல்லுக்கு எவ்வாறு தெரியும்? எந்தக் கோப்புறையிலும் அச்சொற்கள் கோப்புப் பெயர்களாகக் கிடப்பதில்லை.

இதற்கு விடையாக, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பாஷ் 2.04ஆம் பதிப்பில் ஒரு புது வாயில் திறக்கப்பட்டது. 'இந்நிரலுக்கு இச்சொற்கள் பொருந்தும்' என்று எவரும் ஷெல்லுக்கு எழுதித் தெரிவிக்கலாம் என்பதே அது. கிட் நிரலுக்கு அவ்வாறு எழுதித் தந்தவர் ஷான் பியர்ஸ், ஆண்டு 2006.

டேப் விசையை அழுத்தியதும் நிகழ்வது

பாஷ் ஷெல்லில் நிகழும் செயலை வரிசையாக ஆராய்வோம். நம் விரல்பட்ட விசையை முதலில் வாங்குவது ரீட்லைன் என்னும் துணைநிரல். அது டேப் என்று கண்டவுடன் ஷெல்லிடம் 'நிரப்பத்தக்க சொற்கள் யாவை?' என்று வினவும். ஷெல் வரியின் முதற்சொல்லைப் பார்க்கும். அது 'கிட்' ஆயின், தன் பதிவேட்டில் 'கிட்' என்னும் பெயர்க்கு எதிரே யாதேனும் எழுதப்பட்டுள்ளதா என்று தேடும். அப்பதிவில் ஒரு செயற்கூற்றின் பெயர் இருக்குமாயின், அதனை அழைத்து, நாம் எழுதிய வரி முழுவதையும் அதன் கையிற் கொடுக்கும். அச்செயற்கூறு தக்க சொற்களை ஆராய்ந்து ஒரு பட்டியலில் இட்டுத் திருப்பும். பட்டியலை வாங்கி ரீட்லைன் திரையில் எழுதும்.

பட்டியலில் ஒரே சொல் இருப்பின் அதனை முழுதும் எழுதி, இறுதியில் ஓர் இடைவெளியும் விடும். பல சொற்கள் இருப்பின், அவை அனைத்திற்கும் பொதுவான முன்னெழுத்துக்கள் வரை எழுதி நின்றுவிடும். மீண்டும் டேப் அழுத்தினால் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். சொற்கள் 100 அல்லது அதற்கு மேற்படின், காட்டலாமா என்று முன்னரே கேட்கும். கிட் நிரலில் செக்அவுட், செர்ரி, செர்ரி-பிக் என மூன்று உட்கட்டளைகள் உள. ஆங்கிலத்தில் இவற்றின் முதல் மூன்று எழுத்துக்கள் ஒன்றே. முதலிரண்டு எழுத்துக்களைத் தட்டி டேப் அழுத்துவோர்க்கு மூன்றாம் எழுத்து வரையே கிடைக்கும். அப்பால் எதனை விரும்புகிறோம் என்பதை நாமே ஓரெழுத்தாற் சுட்டவேண்டும்.

ஒரு சிறு பயிற்சி

கொள்கையை அறிந்தபின் கையாற் செய்து பார்த்தலே முறை. கல்லூரி நூலகத்துக்கென ஒருவர் 'நூலகம்' என்ற பெயரிற் சிறு நிரல் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதற்குத் தேடு, எடு, திருப்பு என மூன்று உட்கட்டளைகள் என்க. நிரலின் பெயரும் உட்கட்டளைகளும் தமிழெழுத்தில் இருக்கலாம். பாஷ் அதற்குத் தடை சொல்வதில்லை. ஷெல்லுக்கே உரிய சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுதல் வேண்டும். ஈண்டு அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதுகிறோம். ஷெல்லுக்குப் பாடம் கற்பிக்கும் வரி இதுவாம்:

கம்ப்ளீட் -டபிள்யூ "தேடு எடு திருப்பு" நூலகம்

'கம்ப்ளீட்' என்பது பதிவேட்டில் எழுதும் கட்டளை. சிறுகோட்டோடு வரும் 'டபிள்யூ' என்னும் எழுத்து, சொற்பட்டியல் தொடர்கிறது என்று அறிவிப்பது. இறுதிச் சொல் யாருக்காக இப்பதிவு என்பதைக் கூறுவது. இவ்வொரு வரியைத் தந்தபின், 'நூலகம்' என எழுதி இடைவெளி விட்டு, 'தி' என்று தட்டி டேப் அழுத்தினால் 'திருப்பு' என்னும் சொல் முழுமையாக வந்து நிற்கும்.

இங்குத் தமிழர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கணினி 'தே' என்னும் எழுத்தை ஒன்றாகப் பதிவதில்லை. தகரத்தை முன்னும் ஏகாரக் குறியைப் பின்னுமாக இரு குறியீடுகளாகப் பதிகிறது. 'தி'யும் அவ்வாறே. ஆதலின் வெறுந் தகரத்தை இட்டு டேப்பை இருமுறை அழுத்தினால் தேடு, திருப்பு ஆகிய இரண்டும் தோன்றும். கண்ணுக்கு வேறாகத் தோன்றும் எழுத்துக்கள் கணினிக்கு ஒரே தொடக்கமுடையன.

சொற்பட்டியல் மாறாதிருக்கும் வரையில் இம்முறை போதும். 'எடு' என்றபின் நூற்பெயர்கள் வரவேண்டும், 'திருப்பு' என்றபின் இரவல் வாங்கிய நூல்கள் மட்டுமே வரவேண்டும் என விரும்பின், ஒரு செயற்கூறு எழுதல் அவசியம். அதனைப் பதிய 'டபிள்யூ'வுக்கு மாறாக 'எஃப்' என்னும் எழுத்தை இட்டுச் செயற்கூற்றின் பெயரைத் தரவேண்டும். ஷெல் அதனை அழைக்கும்போது மூன்று செய்திகளை உடன் அனுப்பும்: முதலாவது, நிரலின் பெயர், இரண்டாவது, இப்போது பாதி எழுதப்பட்டுள்ள சொல், மூன்றாவது, அதற்கு முந்திய சொல். முந்திய சொல் 'எடு' எனக் காணின் நூற்பெயர்களைத் தேர்ந்து, 'காம்ப்ரிப்ளை' என்னும் வரிசையில் இட்டுவிட்டால் செயற்கூற்றின் கடமை முடிந்தது.

ஒன்றை மறத்தலாகாது. 'டபிள்யூ' முறையில், தட்டிய எழுத்துக்களோடு பொருந்தும் சொற்களை ஷெல்லே சலித்துக்கொள்ளும். 'எஃப்' முறையில் அச்சலிப்பு செயற்கூற்றின் பொறுப்பு. அதற்கு உதவவே 'கம்ப்ஜென்' என்னும் கட்டளை இருக்கிறது. பட்டியலையும் பாதிச் சொல்லையும் அதனிடம் கொடுத்தால் பொருந்துவனவற்றை மட்டும் திருப்பித் தரும். இதனைச் செய்யாது விட்டால் எழுதிய எழுத்துக்குத் தொடர்பில்லாத சொற்களெல்லாம் திரையில் வந்து குவியும்.

பிறர் ஆக்கிய நிரலுக்கு அமைத்தல்

நிரலாசிரியர் பலர் இப்பாடத்தைத் தாமே எழுதி, நிரலுக்குள்ளேயே வைத்து அனுப்புகின்றனர். உதாரணமாக, பல கணினிகளில் ஓடும் நிரல்களை ஒருங்கே மேற்பார்க்கும் குபேர்நெட்டிஸ் என்னும் அமைப்பைக் கூகுள் நிறுவனத்தார் 2014இல் வெளியிட்டனர். அப்பெயர் சுக்கான் பிடிப்பவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அதனை ஏவும் நிரலுக்குக் கியூப்சிடிஎல் என்று பெயர். அந்நிரலுக்குச் சொல்நிரப்பு அமைக்கும் வழியை அறிந்தால், ஏனையவற்றுக்கும் அதுவே வழிகாட்டியாகும்.

முதற்படி, பாஷ்-கம்ப்ளீஷன் என்னும் பொதுத் தொகுதி கணினியில் உள்ளதா எனப் பார்த்து, இல்லையேல் நிறுவிக்கொள்ளுதல். நிரல்தோறும் வேண்டப்படும் பொதுவான செயற்கூறுகள் அத்தொகுதியில் உள. இரண்டாம் படி, பின்வரும் வரியைத் தட்டுதல்:

சோர்ஸ் <(கியூப்சிடிஎல் கம்ப்ளீஷன் பாஷ்)

அடைப்புக்குள் இருப்பது, 'பாஷுக்குரிய பாடத்தை எழுதித் தா' என்று நிரலை வேண்டுவது. 'சோர்ஸ்' என்பது, அவ்வாறு வந்த எழுத்தை இந்த ஷெல்லுக்குள்ளேயே படித்து நிறைவேற்று என்பது. இது செய்த கணமே டேப் வேலைசெய்யும். ஆயினும் அச்சாளரத்தை மூடினால் பாடமும் மறைந்துபோகும். அடுத்துத் திறக்கும் ஷெல்லுக்கு ஒன்றும் தெரியாது. எனவே மூன்றாம் படியாக, இல்லக் கோப்புறையிலுள்ள, புள்ளியில் தொடங்கும் '.பாஷ்ஆர்சி' என்னும் கோப்பின் இறுதியில் அவ்வரியைச் சேர்த்துவிடல் வேண்டும். ஷெல் கண் விழிக்கும்போதெல்லாம் படிக்கும் கோப்பு அது.

இதற்கு மாற்றுவழி ஒன்றும் உண்டு. நிரல் எழுதித் தரும் பாடத்தை ஒரு கோப்பிற் பதித்து, பாஷ்-கம்ப்ளீஷன் தொகுதி தேடிப்பார்க்கும் கோப்புறையில் நிரலின் பெயராலேயே வைத்துவிடலாம். இல்லக் கோப்புறைக்குள் '.லோக்கல்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'பாஷ்-கம்ப்ளீஷன்', அதனுள் 'கம்ப்ளீஷன்ஸ்' எனச் செல்வது அவ்விடம். முன்னைய வழியில் ஷெல் திறக்குந்தோறும் நிரல் ஒருமுறை ஓடவேண்டும். அத்தகைய நிரல் பத்திருந்தால் ஷெல் திறக்கவே தாமதமாகும். பின்னைய வழியில் அந்நிரலுக்கு முதன்முறை டேப் அழுத்தும்போதுதான் பாடம் படிக்கப்படும். நிரலின் புதுப்பதிப்பை நிறுவும்போது பாடத்தையும் புதிதாக எழுதி வாங்க வேண்டுமென்பதே இதிலுள்ள சிறு சிரமம்.

எல்லா நிரல்களும் ஒரே சொல்லைக் கையாள்வதில்லை. ரஸ்ட்அப் என்னும் நிரல் 'கம்ப்ளீஷன்ஸ்' எனப் பன்மையில் வேண்டும். பிப் என்பதற்கு 'கம்ப்ளீஷன்' என்றபின் இரு சிறுகோடிட்டு 'பாஷ்' என எழுதவேண்டும். நிரலின் உதவிப் பக்கத்தில் இச்சொல்லை ஒருமுறை தேடிப்பார்த்தல் நன்று.

இசட்-ஷெல்லில் அமைப்பு சற்று வேறு. அங்கு 'எஃப்பாத்' என்னும் பட்டியலிற் கண்ட கோப்புறைகளில், அடிக்கோட்டை முன்னிட்ட பெயருடைய கோப்புகளாகப் பாடங்கள் இருக்கும். 'காம்ப்இனிட்' என்னும் செயற்கூறு அவற்றையெல்லாம் தேடிப் பதிவேட்டில் ஏற்றும். ஆகவே கோப்புறையைப் பட்டியலிற் சேர்த்தல் முன்னும், காம்ப்இனிட்டை ஏவுதல் பின்னுமாக அமைதல் வேண்டும். ஃபிஷ் ஷெல்லில் இவ்வருத்தம் இல்லை. இல்லக் கோப்புறைக்குள் '.கான்ஃபிக்', அதனுள் 'ஃபிஷ்', அதனுள் 'கம்ப்ளீஷன்ஸ்' என்னுமிடத்தில் நிரலின் பெயரும் '.ஃபிஷ்' என்னும் ஈறும் கொண்ட கோப்பை வைத்துவிட்டாற் போதும். அது தானே கண்டுகொள்ளும்.

பழுதும் பரிகாரமும்

அமைத்த பின்னும் டேப் ஊமையாக நின்றால், கற்பித்த சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்று முறையாக நாடவேண்டும்.

முதலாவது, பதிவேட்டில் பெயர் உள்ளதா? 'கம்ப்ளீட்' என எழுதி, சிறுகோட்டோடு 'பி' என்னும் எழுத்தையும் நிரலின் பெயரையும் தந்தால், இருப்பதை ஷெல் எடுத்துக் காட்டும். தாமதமாகப் படிக்கும் முறையில் அமைத்தோர் முதலில் ஒருமுறை டேப் அழுத்திய பின்னரே இச்சோதனையைச் செய்யவேண்டும். அதற்கு முன் பதிவு வெறுமையாகவே இருக்கும்.

இரண்டாவது, சரியான கோப்பில் எழுதினோமா? உட்புகுதலோடு தொடங்கும் பாஷ், '.பாஷ்ஆர்சி' கோப்பைத் தானாகப் படிப்பதில்லை, '.பாஷ்_ப்ரொஃபைல்' முதலியவற்றையே படிக்கும். சேய்மையிலுள்ள கணினிக்குள் நுழைவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் தகும். மேலும், கோப்பைத் திருத்திய மாத்திரத்தில் ஏற்கெனவே திறந்துள்ள ஷெல் அதனை அறியாது. புதிதாக ஒன்றைத் திறத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஷெல்லின் பதிப்பு யாது? ஆப்பிள் நிறுவனத்தார் தம் கணினிகளோடு தரும் பாஷ் 3.2ஆம் பதிப்பினது. கியூப்சிடிஎல் தரும் பாடத்துக்கோ 4.1ஆவது வேண்டும். 2019இல் வெளிவந்த கேடலினா என்னும் பதிப்பு முதல் அக்கணினிகளில் இசட்-ஷெல்லே இயல்பாக அமைந்திருத்தலின், அதற்குரிய பாடத்தை வாங்குதலே அங்கு எளிய வழி.

நான்காவது, குறும்பெயர் வைத்தோமா? கியூப்சிடிஎல் என்பதற்குச் சோம்பி 'கே' என்னும் ஓரெழுத்தைக் குறும்பெயராக வைத்துக்கொள்வோர் பலர். பாஷின் பதிவேடு பெயரை மட்டுமே நோக்கும். 'கே' என்பது யாருக்கு மறுபெயர் என்று அது ஆராயாது. குறும்பெயருக்கும் அதே செயற்கூற்றைத் தனியே பதிந்தாற்றான் டேப் பேசும்.

ஐந்தாவது, இசட்-ஷெல்லில் பழைய பதிவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? காம்ப்இனிட் தான் கண்டவற்றை '.இசட்காம்ப்டம்ப்' எனத் தொடங்கும் கோப்பிற் சேமித்து வைக்கும். அதனை நீக்கிவிட்டுப் புதிய ஷெல்லைத் திறந்தால் புதிதாக எழுதிக்கொள்ளும்.

நம்பும் அளவு

இனி, இப்பாடத்தில் இன்றியமையாத பகுதிக்கு வருவோம். சொல்நிரப்பு பிழையைத் தடுக்கும் என்றோம். எத்தகைய பிழையை? இல்லாத பெயரை எழுதும் பிழையை அது தடுக்கும். டேப் ஒரு பெயரை நிரப்பிற்று என்றால், அப்பெயரைச் சொல்லத் தக்க ஒருவர் அதனைச் சொன்னார் என்பது உறுதி. ஆனால் இருக்கும் பெயர்களுள் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் பிழையை அது தடுக்கமாட்டாது, விரைவாக்கவுங் கூடும்.

ஓர் உதாரணம் காண்க. ஒரு கோப்புறையில் 'கணக்கு' என ஒரு கோப்பும், 'கணக்கு-பழையது' என மற்றொரு கோப்பும் உள. பழையதை அழிக்க விரும்பிய ஒருவர், 'ஆர்எம்' என்று எழுதி, 'கண' என்று தட்டி, டேப்பை அழுத்துகிறார். திரையில் 'கணக்கு' என்று வருகிறது. இரண்டு பெயர்களுக்கும் பொதுவான முற்பகுதி அது. ஷெல் இங்கு 'மேலே எழுதுக' என்று காத்து நிற்கிறது. விரைவுடைய கையோ, நிரம்பிவிட்டது என்றெண்ணி என்டர் விசையைத் தட்டிவிடுகிறது. பொதுவான முற்பகுதியே ஒரு கோப்பின் முழுப்பெயராகவும் இருந்தமையால், அழிந்தது நடப்புக் கணக்கு. ஷெல் பொய் சொல்லவில்லை. சொல்லை முடித்ததாகவும் கூறவில்லை. முடித்திருந்தால் இறுதியில் ஓர் இடைவெளி விட்டிருக்கும். அவ்விடைவெளியே அதன் முற்றுப்புள்ளி. ஆகவே அழிக்கும் கட்டளை எதனையும் டேப்பால் நிரப்பியபின், இடைவெளி விழுந்ததா என்று நோக்கி, வரியை ஒருமுறை முழுதும் படித்து, அதன்பின்னரே என்டர் விசையைத் தொடுதல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. 'என்டர் அழுத்தும் வரையில் ஒன்றும் நிகழாது' என்று பொதுவாக எண்ணுகிறோம். சொல்நிரப்பைப் பொறுத்தவரை இது மெய்யன்று. டேப்பை அழுத்திய மாத்திரத்தில் ஒரு செயற்கூறு ஓடுகிறது. நம்முடைய பெயரால், நமக்குள்ள அதிகாரம் முழுவதோடும் ஓடுகிறது. கியூப்சிடிஎல் போன்றவை அந்நொடியிலேயே சேய்மையிலுள்ள சேவைக் கணினியை அழைத்து, அங்குள்ளவற்றின் பெயர்களைக் கேட்டு வருகின்றன. இணைப்பு மந்தமாயின் டேப் தயங்கி நிற்பதும் இதனாலேயே. ஆகவே முன்பின் அறியாத இடத்திற் கிடைத்த பாடத்தை, படித்துப் பாராமல் 'சோர்ஸ்' என்று ஷெல்லுக்குள் ஏற்றுதல், அயலார் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தலோடொக்கும். நிரலை ஆக்கியவர் தந்த பாடம், இயங்குதளத்தார் தொகுத்த பாடம், நாமே எழுதிய பாடம் என்னும் மூன்றுமே கொள்ளத்தக்கன.

செயற்கூறு எழுதுவோர்க்கும் இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. சொல்நிரப்புச் செயற்கூறு பார்க்கலாம், தொடலாகாது. பெயர்களைக் கேட்டு வரலாம். ஒரு கோப்பையும் மாற்றவோ நீக்கவோ கூடாது. டேப்பை அழுத்துபவர் இன்னும் தம் எண்ணத்தை முடிவாகச் சொல்லவில்லை. பாதி வாக்கியத்திற் கேள்வி கேட்டு நிற்கிறார். அவர் பேசி முடிக்குமுன் செயலாற்றும் ஏவலாள், எத்துணை வல்லவனாயினும், நல்ல ஏவலாள் ஆகான்.

நம் மாணவர்களிற் பலர் இன்று சிறு நிரல்களை எழுதிப் பிறர்க்கு வழங்குகின்றனர். நிரல் முடிந்ததும் பணி முடிந்ததென்று எண்ணாமல், அதற்குரிய சொற்பட்டியலையும் சேர்த்து வழங்குவாராக. பயன்கொள்ள வருபவர் கையேட்டைப் புரட்டுமுன் டேப் விசையையே தட்டிப் பார்ப்பார். அவ்விடத்து நிரலால் இயல்வன யாவும் வரிசையாகத் தோன்றுமாயின், ஆசிரியர் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தது போலாம். மேலே கண்ட 'கம்ப்ளீட்' வரி ஒன்றேனும் எழுதுதற்குக் கால்நாழிகையும் ஆகாது. அச்சிறு உழைப்பினால் பின்வருவோர் பலருக்குத் தடுமாற்றம் நீங்கும்.